நின்றால் சூடு

ஓடினால் குளிரும், நின்றால் சுடும்.
தொண்ணூற்றாறாம் வருடத்து ஈஸ்வரா.
பகாவ் பட்டணத்தை விட்டு வெளியேறும்வரை
ஏர்கோன் என்னோடு சண்டை போட்டவர் மாதிரி
முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊதும்.

பின் சீட்டில் நாற்பத்தெட்டு பாக்கெட் தோசைமாவு.
எண்ணெய் ஆலை வாசலில்
செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள்
எடைமேடைக்குக் காத்திருக்கும் வரிசையில்
நானும் நிற்பேன்.
அங்கேதான் ஆரம்பிக்கும்.
பாக்கெட்டுகள் ஒவ்வொன்றாய் வயிறு உப்பும்,
முடிச்சோரம் குமிழி விடும்.
ஒருநாள் ஒன்று வெடித்து
பின் கண்ணாடி முழுக்கக் கோலம்.
பின்னால் நின்ற லோரிக்காரன்
ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சிரித்தான்.

தனபாலன் கடையில் கேஸ் அடித்தேன், எண்பது வெள்ளி.
ஒரு மாதம் கழித்து மறுபடி எண்பது.
"பழைய வண்டிதானேக்கா, அப்படித்தான் இருக்கும்."
எனக்கும் ஐம்பத்து மூன்று.
வண்டிக்கு மட்டும் சொன்னதாக
என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

மரக்கடைக்குப் பின்னால் ஆ சூன்.
பானட்டைத் திறந்தான், எஞ்சினை ஓடவிட்டான்,
ஒரு திருகாணியையும் தொடவில்லை.
வாளியில் தண்ணீர் பிடித்து வந்து
முன்பக்கத்துச் சல்லடை மேல்
அபிஷேகம் மாதிரி நிதானமாய் ஊற்றினான்.
உள்ளே கையை வை என்றான் மலாயில்.
வைத்தேன்.
காற்று
ஐஸ்.

ஒரு நிமிடம்கூட இருக்காது.
தண்ணீர் காய்ந்தது, பழைய மூச்சு திரும்பியது.

கேஸ் இருக்கிறது, கம்ப்ரசர் நன்றாக இருக்கிறது,
விசிறிதான் செத்துப்போச்சு என்றான்.
ஓடும்போது ரோட்டுக் காற்று அதன் வேலையைச் செய்யும்.
நிற்கும்போது யார் செய்வது?
ஸ்க்ரூடிரைவர் நுனியால் இறக்கையைத் தள்ளிக் காட்டினான்:
அரைச் சுற்று, அப்புறம் மனசில்லை.

உடைத்துப் போட்ட ஒரு வீராவிலிருந்து
விசிறி அறுபத்தைந்து வெள்ளி, கூலி இருபது.
சல்லடையைக் கழுவியபோது
தும்பி இறக்கைகள், செம்பனைப் பூத் தூசி,
எந்த வருடத்திலோ யாரோ ஒட்டிய
பார்க்கிங் சீட்டின் பாதி.
கழுவிய தண்ணீர் டீ நிறத்தில் ஓடியது.

மறுநாள் ஆலை வாசல்.
பன்னிரண்டு லோரி எனக்கு முன்னால்.
நெற்றியில் முடி பறக்க உட்கார்ந்திருந்தேன்.
இந்த வரிசை இன்னும் கொஞ்சம் நகராமல் இருக்கட்டும் என்று
அன்றைக்குத்தான் முதல்முறை நினைத்தேன்.

மூன்றாம் டிவிஷன் கடையில்
பூங்காவனம் பாக்கெட்டை அமுக்கிப் பார்த்தாள்,
செத்த மீனை அமுக்குவது போல.
"என்ன இது, மாவுக்கு உயிரே இல்லை?"
"காலையில அரைச்சது, குளிர்ல வந்திருக்கு."
"உன் மாவு வந்து இறங்கும்போதே பொங்கி நிக்கும்.
ஆலையில வேலை முடிஞ்சு வர்றதுங்க
கையைக் கழுவிட்டு நேரா கல்லுல ஊத்தும்.
அதுக்குத்தானே உன்கிட்ட வாங்குறேன்.
புளிக்காத மாவு எந்தக் கடையிலயும் கிடைக்கும்."

ஆறு வருடம்.
என் கைப்பக்குவம் என்று நினைத்திருந்தேன்.

இப்போது தாமான் கடைகளுக்கான முப்பது
பின் சீட்டில், குளிரில், ஒழுக்கமாய்.
பூங்காவனத்தின் பதினெட்டும்
டிக்கியில், வெயிலோடு.

போன வாரம் தனபாலன் ரோட்டில் பார்த்துக் கேட்டான்,
"கேஸ் நிக்குதாக்கா?"
நிற்கிறது என்றேன்.
நூற்றறுபது வெள்ளியை அப்படியே விழுங்கிக்கொண்டு.

வரிசை நகரவில்லை.
நான் கண்ணாடியை ஏற்றிவிட்டு
காற்றுக்கு முகத்தைக் கொடுத்திருக்கிறேன்.
பின்னாலிருந்து, இரும்புக்குள்ளிருந்து,
டப் என்று ஒன்று.

நாளையிலிருந்து
டிக்கி மாவுக்கு முடிச்சைத் தளர்த்திப் போடவேண்டும்.