அரை மில்லி

ஒக்கி போன மூன்றாம் நாள்
ஏசுவடியான் வாளைக் கொண்டுவந்து
என் மேஜையில் வைத்தான்.
"சாவல்ல, ஆனா ஏறவும் மாட்டேங்கு வே.
பேச்சிப்பாறை ரோடு முழுக்க மரமாக்கும்.
கொஞ்சம் பலம் கூட்டித் தாரும்."

குலசேகரத்தில் கரண்ட் இல்லை.
கிரைண்டர் துணி மூடித் தூங்குகிறது.
நாகர்கோவில் போய் வேறு சிலிண்டர் வாங்க
வழியில்லை, வழியில்தான் மரம்.
இருப்பது இது ஒன்று.
உள்சுவரில் நிக்கல் பூச்சு.
சாதா அரம் அதில் வழுக்கி
வெட்கப்பட்டுத் திரும்பும்.

பல் டாக்டர் கிறேஸ்லினிடம் போனேன்.
"தேய்ஞ்ச வைர முனை ஏதாவது கிடக்கா டாக்டர்?"
"யாருக்குப் பல்?"
"ஒரு வாளுக்கு."
சிரிக்காமல் ஏழு முனை எடுத்து
மருந்துக் கவரில் போட்டுத் தந்தார்.
காலை, மாலை, சாப்பிட்ட பின் என்று
கவரில் அச்சடித்திருந்தது.

முன்பொரு தடவை தப்பியிருக்கிறேன்.
போன மாசியில், வேறொருவன் வாள்.
புகைவாசலின் மேல்விளிம்பை
முழுசாக ஒரு மில்லி உயர்த்தினேன்.
காற்றில் என்ன கூவல்!
சாயாக்கடையே எழுந்து பார்த்தது.
அயனித் தடியில் வைத்ததும்
புரையேறி நின்றது.
வாசல் முந்தித் திறந்தால்
தள்ளவேண்டிய சூடு
தள்ளாமலே வெளியே போய்விடும்.
ராவிய உலோகத்தைத் திரும்ப வைக்க
எந்தக் கடையிலும் பசை இல்லை.
அந்தச் சிலிண்டரில் இப்போது பேனாக்கள் நிற்கின்றன.

ஆகவே இந்த முறை கணக்கு.
மகள் ஜெர்ஷா தூங்கும் நேரம் பார்த்து
அவள் பாகைமானியைப் பிளைவீலில் ஒட்டினேன்.
வளைத்த கம்பி ஒன்று முள்.
பிஸ்டன் உச்சியிலிருந்து இறங்க இறங்க
நூற்றிரண்டில் புகைவாசல் கீற்றாய் வெளுக்கிறது,
நூற்றிருபத்திரண்டில் பக்கவாசல்கள்.
இடையில் இருபது டிகிரி.
பழைய மூச்சு போய்த்தீர
அவ்வளவுதான் நேரம்.

அடிக் கேஸ்கெட் அரை மில்லி. அதை எடுத்தேன்.
சிலிண்டர் அப்படியே அரை மில்லி கீழே உட்கார்ந்தது.
எல்லா வாசலும் தாமதம்.
உச்சியில் ஈயக்கம்பி நசுங்கி வந்தது,
பாயின்ட் ஆறு.
அதற்கும் கீழே போனால் தலை முட்டும்.
இனிப் புகைவாசலை மட்டும்
இழந்த அரை மில்லிக்கு ஏற்றவேண்டும்.

மெழுகுவர்த்தி.
இரண்டு விரலுக்கிடையில் வைர முனை,
உருட்டி, ஊதி, உருட்டி,
இரண்டு ராத்திரி.
விளிம்பில் நகத்தை இழுத்துப் பார்த்தேன்.
நகம் சிக்கினால் ரிங்கும் சிக்கும்.
சிக்கியது.
இன்னும் கொஞ்சம்.

ஐந்தாம் நாள் காலை
தெருவில் நின்று கயிற்றை இழுத்தான்.
ஏறியது.
ஏறிக்கொண்டே போனது.
எதிர்வீட்டு லில்லிபாய்
கையில் சோற்றுக் கரண்டியோடு ஓடிவந்தாள்.
"நிப்பாட்டுங்க."
அந்த ராத்திரி எங்கள் ஓடுகளைப் பிய்த்த காற்றுக்கும்
இதே சுருதிதான்.
எனக்கு அது
அவள் முகத்தைப் பார்த்த பிறகே கேட்டது.

கார்புரேட்டர் ஸ்குருவைக் கால் சுற்றுத் திறந்தேன்.
பெட்ரோல் கூடியது.
கூவல் உடைந்து கொரகொரப்பாயிற்று.
பிஸ்டனுக்கு இதுதான் நல்லது என்று
ஏசுவடியானிடம் சொன்னேன்.
பொய்யில்லை.
காரணமும் அதில்லை.

மரத்துக்குள் போனதும் தானாய்த் தெளிந்தது.
முதல் வெட்டு, லில்லிபாயின் அடுக்களைமேல் கிடந்த ரப்பர்.
தடியில் சிரட்டை இன்னும் கம்பியோடு இருந்தது,
மழைத்தண்ணீர்,
மேலே வெள்ளையாய் ஒரு ஆடை.
தூள் பாலில் குழைந்து செயினை அடைத்தது.
வழித்து எறிந்துவிட்டு மறுபடி வைத்தான்.
வாள் நிற்கவில்லை.

சாயங்காலம் ஜெர்ஷா பாகைமானியைக் கேட்டாள்.
நூற்றிரண்டில் ஒரு கீறல் விழுந்திருக்கிறது.
பள்ளிக்கூடம் எப்போது திறக்கும் என்று
யாருக்கும் தெரியவில்லை.