கடுகு, பதினோரு கிலோ

பெயர் வைத்த நாளில் இரண்டு கைக்குள் அடங்கினான்,
கறுப்பாய், உருண்டையாய்,
தாளிக்கும்போது தெறித்து விழுந்தவன் போல.
இப்போது பதினோரு கிலோ.
பெயரை மாற்ற மனமில்லை.

காலை ஆறரைக்கு
டூங்காபி ஸ்டேஷனில் ரயில் கிளம்பும் சத்தத்தில்
சமையலறைத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து
அவன் முகத்தைத் திறக்கிறேன்.
திறப்பது என்றுதான் சொல்ல வேண்டும்.
மூக்குக்கு மேலே ஒரு மடிப்பு,
அதற்குள் நேற்றைய புல்,
பழைய மோர் வாசம்.
வெதுவெதுப்பாய் நனைத்த பஞ்சால் ஒரு தடவை,
காய்ந்த பஞ்சால் இன்னொரு தடவை.
ஈரம் தங்கினால் புண்ணாகும்.
அவன் பெருமூச்சு விடுகிறான்,
ரேஷன் வரிசையில் முன்னால் நிற்பவர்
கார்டை மறந்துவிட்டு வந்த மாதிரி.

யார் மடித்தது இந்த முகத்தை?
நாங்கள்தான்.
பொம்மை போல இருக்கட்டும் என்று
தலைமுறை தலைமுறையாய் மூக்கை உள்ளே தள்ளி
மூச்சை மறந்துபோனோம்.
வீட்டுக் கடனுக்கு முப்பது வருடத் தவணை.
இந்தக் கடனுக்கு
தினம் இரண்டு துண்டுப் பஞ்சு.

"மேலிருந்து பார்த்தால் இடுப்பு தெரிய வேண்டும்"
என்றாள் டாக்டர் ஃபுவோங்.
நான் என் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டேன்.
அன்றிலிருந்து நகைக்கடைக்காரி மாதிரி
அவன் சாப்பாட்டை நிறுத்துப் போடுகிறேன்.
கழுத்துப் பட்டையைத் தூக்கிப் போட்டாயிற்று,
மார்பில் மாட்டும் வார்தான்.
அவனோ ஒவ்வொரு தோசைக்கும்
துக்கம் விசாரிக்க வந்தவன் போல
அடுப்படியில் நிற்கிறான்.
அது பிறவி முகம், எனக்குத் தெரியும்.
என் கைக்குத்தான் அடிக்கடி மறந்துவிடும்:
ஓரத்து முறுகலில் ஒரு விள்ளல்.
ஃபுவோங்கிடம் சொல்ல வேண்டாம்.

தணிகை மூன்று வாரம் நியூமன் சுரங்கத்தில்,
ஒரு வாரம் இங்கே.
போன் செய்தால் முதல் கேள்வி, "அவன் எங்கே?"
கட்டிலில் தணிகை இல்லாத பக்கத்தில்
கடுகு குறட்டை விடுகிறான்,
கிழட்டு லாரி மேடேறுகிற குறட்டை.
அது நின்றால்தான் எனக்கு முழிப்பு வரும்.
இருட்டில் கை நீட்டி
விலா ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன்.

ஜனவரியில் ஒரு செவ்வாய், நாற்பத்துமூன்று டிகிரி.
நான்கு மணிக்கு ஏசி ஒரு விக்கலோடு நின்றது.
தெரு முழுக்கக் கரண்ட் இல்லை.
குளியலறை ஓட்டில் அவனைக் கிடத்தி
வயிற்றுக்கும் பாதத்துக்கும் தண்ணீர் ஊற்றினேன்,
வரிக் கடிதத்தை மடித்து விசிறினேன்.
மூச்சு ரம்பம் போல இழுத்தது.
நாக்கு இன்னும் சிவப்புதானா,
நீலமா,
இருட்டுக் குளியலறையில் எப்படிச் சொல்வது?
தூக்கிக்கொண்டு காருக்கு ஓடினேன்.
பதினோரு கிலோ அன்று கனக்கவே இல்லை.

ஐந்து மணி நேரம்.
ஏசியைக் கடைசி வரை திருகி
கிழக்கே, கடல் இருக்கும் திசைக்கு,
சிக்னல் சிக்னலாய்.
ஆஷ்ஃபீல்டில் மூச்சு தணிந்தது.
பெட்ரோல் பங்கில் என் கை நடுங்கியது.
அவன் சீட்டில் எழுந்து உட்கார்ந்து
பக்கத்துக் காரில் இருந்தவரின் சிப்ஸைப் பார்த்தான்.
அப்போதுதான் அழுதேன்.

ஒன்பதரைக்கு வீட்டு வாசலில் இறங்கினோம்.
தெற்கத்திக் காற்று வந்தது.
தென்றல் மெல்லத்தான் வரும் என்று
பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன்.
இந்த ஊர்த் தென்றல்
தெருவின் குப்பைத் தொட்டிகளை உருட்டிக்கொண்டு,
ஒரு கதவை எங்கோ அறைந்து சாத்திக்கொண்டு வந்தது.
கடுகு மூக்கை நிமிர்த்தினான், மூக்கு என்று இருப்பதை.
கவிழ்ந்த தொட்டி ஒன்றை முகர்ந்து, காலைத் தூக்கி,
தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு வந்தான்.

பதினொன்றரைக்குத் தணிகை அழைத்தான்.
நடந்ததைச் சொல்லத் தெம்பில்லை.
"அவன் எங்கே?"
போனைக் கடுகின் முகத்தருகே வைத்தேன்.
லாரி மேடேறிக்கொண்டிருந்தது.
கொஞ்ச நேரத்தில் போனுக்குள்ளும் ஒரு லாரி.
நடுவில் நான்,
ஒரு கால் மரத்துப்போய்,
அசையாமல்.