குறுக்கே நிற்பது

மைனஸ் முப்பத்தொன்று.
சுப்பீரியர் ஏரியிலிருந்து வரும் காற்றுக்கு
தண்டர் பே நகரத்தின் எல்லா வீட்டு எண்ணும் தெரியும்.
இன்றைக்கு எனக்கு ஏழாவது வீடு.
"சரியாகச் சூடேறவில்லை, அவ்வளவுதான்" என்று
போனில் சொன்னவள் வெர்னா பெல்தோ.
தானியக் கிடங்கில் இரவு வேலை,
பகலில் தூக்கம்.

கதவைத் திறந்தவள்
நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.
மூன்று நாளாகத் தலைவலி, ஃப்ளூதான் என்றாள்.
வேலைக்குப் போனால் விட்டுவிடுகிறதாம்,
வீட்டுக்கு வந்தால் பிடித்துக்கொள்கிறதாம்.

எனக்கு அதுவே போதும்.
இடுப்பு மீட்டர் அதற்குள் கத்தத் தொடங்கிவிட்டது.
எண்பத்தாறு.
ஒரு எட்டு வைத்தேன். நூற்று நான்கு.

கோட்டை மாட்டு, பூட்ஸைக் கையில் எடு, நட.
பூனை?
சோபாவுக்கடியில் முஸ்தா
மாவு மூட்டையாய்க் கிடந்தது.
தூக்கினேன். ஒரு நகம்கூட நீட்டவில்லை.
அந்நியன் கையைக் கீறாத பூனையைக் கண்டால்
எனக்குப் பயம்.

தீயணைப்புக்காரர்கள் முகமூடியோடு போய்
ஜன்னல்களையெல்லாம் திறந்தார்கள்.
இத்தனை வருடம் குளிரை வெளியே நிறுத்திய வீடு
அன்று
உயிர் பிழைக்க அதையே உள்ளே கூப்பிட்டது.

காற்று மாறியபின் கீழ்த்தளத்துக்கு இறங்கினேன்.
முப்பத்திரண்டு வயது ஃபர்னஸ்.
ஃபில்டரை இழுத்தேன்,
சாம்பல் நிறக் கம்பளியொன்று கூடவே வந்தது:
பூனை முடி, கோதுமைத் தூசு, இரண்டு குளிர்காலம்.
மூச்சு முட்டினால் இரும்பு தன்னையே சுட்டுக்கொள்ளும்.
சுட்டுச் சுட்டு, ஒருநாள் விரியும்.

ஒரே ஒரு முறை பற்றவைத்துப் பார்த்தேன்.
சுடர் நீலம். ஒழுங்காக, வரிசையாக.
விசிறி சுழன்றதும் மஞ்சளானது,
யாரோ பின்னாலிருந்து ஊதியதுபோல்
ஒருபக்கம் சாய்ந்து நடுங்கியது.
அணைத்தேன். சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டேன்.
வெப்பத் தகட்டில் விரிசல்,
என் சுண்டுவிரல் நீளம்.

கேஸ்கூட ஒருவகையில் நாணயமானது.
கசிந்தால் அழுகிய முட்டையாய் நாறித் தெருவையே எழுப்பும்.
(அந்த நாற்றமும் நாங்கள் கலந்துவிட்டதுதான்.)
இது அப்படியில்லை.
நிறமில்லை, வாசமில்லை,
சொல்லாமல் கொள்ளாமல் வந்து
ரத்தத்தில் ஆக்சிஜனின் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும்.
குடும்பத்துக்கு உலை வைப்பது என்றால்
யாராவது வைக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன்.
வைத்ததைப் பார்க்காமல் விட்டாலே போதும்.

வால்வின் பிடி குழாயோடு நேராக நின்றால் ஓடும்,
குறுக்கே நின்றால் நிற்கும்.
திருப்பினேன்.
சிவப்புச் சீட்டைக் கட்டினேன்.

வண்டியில் உட்கார்ந்திருந்த வெர்னா சீறினாள்:
"இந்தக் குளிரில் அணைக்கிறாயா?
குழாயெல்லாம் உறைந்து வெடித்தால் நீயா கட்டுவாய்?"
நியாயமான கேள்வி.
என்னிடம் இருந்தவை இரண்டு மின்சார ஹீட்டர்,
குழாயைச் சொட்டவிடு என்ற யோசனை,
உடனே ஆஸ்பத்திரிக்குப் போ என்ற பிடிவாதம்.
என் தொழிலில் சில நாட்கள்
வேலையே குறுக்கே நிற்பதுதான்.
யாரும் நன்றி சொல்லி நான் கேட்டதில்லை.

மறுநாள் மாலை திரும்பி வந்திருந்தாள்,
முகத்தில் கொஞ்சம் நிறம்.
புது ஃபர்னஸின் விலையைச் சொல்லப் போயிருந்தேன்.
படுக்கையறை வாசலில் அலாரம்,
பாட்டரிக் குழி காலி.
"பகலில் கீச்சுக் கீச்சென்று தூங்கவிடவில்லை."
பாட்டரி பலவீனமானால் அப்படித்தான் கத்தும்,
புதிதாய் இரண்டு கேட்டிருக்கிறது, அவ்வளவுதான் என்றேன்.
பேசவில்லை. சரி, புதிது வாங்கினாயா?
வாங்கினேனே என்று
டிவி ரிமோட்டைக் காட்டினாள்.

கழற்றி அலாரத்தில் போட்டுச் சோதனைப் பொத்தானை அழுத்தினேன்.
அடேயப்பா, என்ன தொண்டை.
முஸ்தா சோபாவுக்கடியிலிருந்து பாய்ந்து
என் மணிக்கட்டைக் கிழித்துவிட்டுப் போனது.
மூன்று கோடு, நல்ல ஆழம்.
அந்த வீட்டில் கிடைத்த முதல் நல்ல செய்தி.

"ஹாக்கியிலேயே நின்றுவிட்டது,
சேனலை எப்படி மாற்றுவது?" என்றாள் வெர்னா.

எழுந்து போய் மாற்று என்றேன்.
எழுந்து போனாள்.