மூன்று புள்ளி ஒன்பது

அறையைக் காலி செய்ய ஒரு வாரம் தந்திருக்கிறார்கள்.
ஓய்வுபெற்ற பிறகும் அவரிடமே விட்டுவைத்திருந்த அறை.
கொன்செப்சியோனில் ஜூலை.
ஜன்னலில் மழை சாய்வாக விழுகிறது.
அப்பா இருந்தால் கோணத்தைச் சொல்லியிருப்பார்.

மேல் இழுப்பறையில் ஆறு ஜோடி உலர்ந்த காலுறைகள்.
அவருக்கல்ல.
நனைந்து வரும் பையன்களுக்கு.
கன்யேத்தேயிலிருந்து இருட்டில் பேருந்தேறிய குரிக்கேயோ
முதல் வகுப்பில் பல் கிட்டி நடுங்கிய நாள் முதல்
அந்த இழுப்பறை காலியாக இருந்ததில்லை.
என் தம்பி உலிசெஸின் மேல்கோட்டு
அந்தக் குளிர்காலம் முழுக்கக் காணாமல் போயிருந்தது.
அது யார் தோளில் நடக்கிறது என்று
வீட்டில் எல்லோருக்கும் தெரியும்,
உலிசெஸைத் தவிர.

வீட்டிலும் அவருக்கு அலகு வேண்டும்.
"ரொட்டி இரண்டு" என்று அம்மா எழுதினால்
"இரண்டு என்ன?" என்று வாசலில் நின்று கேட்பார்.
கிலோ, என்று ஒருமுறை எரிச்சலில் கத்திவிட்டாள்.
வாங்கியே வந்தார்.
மூன்று நாள் தேநீரில் தோய்த்துத் தின்றோம்.

நிலம் ஆடிய இரவு.
இந்த ஊரில் வீட்டுக்கொரு கதை உண்டு,
எங்களுடையது சின்னது.
கம்பளிகளோடு எங்களை மேட்டில் உட்காரவைத்தார்.
எண்ணினார். மூன்று.
மறுபடி எண்ணினார். மூன்று.
பிறகு கீழே பார்த்தபடி நின்றார்,
மாணவர் விடுதி இருந்த இருட்டை.
அம்மாதான் சொன்னாள்:
"போ, அனிபால்.
பிள்ளைகளை நான் எண்ணிக்கொள்கிறேன்,
நீ தூண்களை எண்ணு."
கைவிளக்கின் பொட்டு வெளிச்சம்
சரிவில் இறங்கி, நின்று,
எங்கள் பக்கம் ஒருமுறை அசைந்து,
மறுபடி இறங்கியது.
விடியும்வரை ஒவ்வொரு தூணிலும்
விரிசலின் நுனியைச் சாக்பீஸால் குறித்து
மணி எழுதியிருக்கிறார்.
கிழக்குக் கூடத்துப் பதினெட்டுப் பேரை
வெளியே புல்லில் படுக்கச் சொல்லியிருக்கிறார்.
அந்தக் கூடம் விழவில்லை.
இதையும் சொல்லிவிட வேண்டும்,
இன்றுவரை விழவில்லை.
பனியில் மூக்கொழுகிய பையன்கள்
பருவம் முழுக்கக் கேலி செய்தார்கள்.
அவரும் சேர்ந்து சிரித்தார்.

கீழ் இழுப்பறையில்தான் அது இருந்தது.
என் பெயர், என் கோணல் எழுத்து.
நிலையியல், இறுதித் தேர்வு.
அவர் வகுப்பில் நான் உட்கார்ந்த ஒரே பருவம்.
நான்கு வாங்கினால் தேர்ச்சி.
எனக்கு 3.9.
அன்று காரில் வைப்பர் மட்டும்தான் பேசியது.
இரவு அவர் ஊற்றித் தந்த சூப்பை
அவர் கண்ணெதிரே பூனைக்கு வைத்தேன்.
ஒரு வருடம் "பேராசிரியர் ரிஃபோ" என்றே கூப்பிட்டேன்.
"சொல்லுங்கள், செனோரித்தா ரிஃபோ" என்பார்,
உப்பை நகர்த்தி வைத்தபடி.
அடுத்த ஆண்டு வேறு ஒருவரிடம் 5.2 வாங்கினேன்.
அதை அவரிடம் நான் சொல்லவில்லை.
அன்று மட்டும் ஏனோ கேக் வந்தது.

தாளை ஜன்னலருகே பிடிக்கிறேன்.
சிவப்பில் ஒரு கூட்டல்: 3.9.
பென்சிலில், வேறொரு நாள்: 3.9.
பச்சையில், மூன்றாம் கணக்கின் ஓரம்,
கழித்தல் குறி தவறிய இடத்தில் ஒரு வட்டம்,
பாதி மதிப்பெண் கொடுத்து, அடித்து,
கொடுத்து, அடித்து,
காகிதம் அங்கே தேய்ந்து ஓட்டையாகியிருக்கிறது.
3.9.
கடைசியாக நீலத்தில் தேதி மட்டும்,
அவர் ஓய்வுபெற்ற வாரம்.
கூட்டிப் பார்க்கவில்லை.
அல்லது மனதுக்குள் பார்த்திருப்பார்.

தல்காவானோ துறைமுகத்தில்
பாரந்தூக்கிகளின் எடைவரம்பில் கையெழுத்திடுகிறவள் நான்.
தவறிய குறி ஒன்று என்ன செய்யும் என்று
எனக்கு யாரும் விளக்க வேண்டாம்.
ஆனாலும் அவர் நாற்காலியில் உட்கார்ந்து,
அவர் பென்சிலைச் சீவி,
ஒவ்வொரு கணக்காக நானும் கூட்டினேன்.
தாராளமாகத்தான் கூட்டினேன்.
சரியாகத்தான் போட்டிருக்கிறார்.

புத்தகங்கள் நூலகத்துக்கு.
தாள் என் பையில்.
காலுறைகளை மட்டும் எடுக்கவில்லை.
இந்த அறைக்கு யாராவது வருவார்கள்,
ஆகஸ்டிலும் மழை பெய்யும்.