மீதியை நான் குடிக்கிறேன்

மேலப்பாளையத்திலிருந்து ஆறேமுக்கால் பஸ்.
அதற்கு முன்னால்
ஒரு பழம் மட்டும் எனக்குச் சொந்தம்.
அப்புறம் பிழிவதெல்லாம் முதலாளிக்கு.

நயினார்குளம் மார்க்கெட்டில்
நேற்று உருட்டிப் பார்த்து வாங்கிய சாத்துக்குடி.
குழாயடியில் தேய்த்துக் கழுவுகிறேன்.
‘தொலியத் தூரத்தான போடப் போறோம்,
அத எதுக்குக் கழுவுதிய’ என்கிறாள் மைமூன்.
கத்தி தொலியைத் தொட்டுத்தானே
உள்ளே போகிறது.
லாரித் தூசி, சாக்கு, ஈ உட்கார்ந்த இடம்
எல்லாம் அதன் ஓரத்தில் ஏறிச்
சுளைக்குள் இறங்கிவிடும்.

அவள் பழத்தைத் தொடமாட்டாள்.
ராத்திரி எழுநூறு பீடி சுற்றிய விரல்.
மூன்று தடவை சோப்புப் போட்டும்
நகக்கண்ணை மோந்து பார்த்துவிட்டு,
முழங்கை மடிப்பில்தான்
பிள்ளையை ஏந்திக்கொள்வாள்.

மிக்ஸி ஜாரைக் கவிழ்த்து
பிளேடுக்கு அடியில் இருக்கிற ரப்பர் வளையத்தை
நெம்பி எடுக்கிறேன்.
யாரும் எடுப்பதில்லை அதை.
முந்தாநாள் சட்னி அங்கேதான் குடியிருக்கும்.
வெந்நீர் ஊற்றியதும் வெளியே வருகிறது,
வாடகை பாக்கி வைத்தவனைப் போல.

தண்ணீர் ராத்திரியே கொதித்து ஆறியது.
தாமிரபரணிதான், இல்லையென்று சொல்லவில்லை.
ஆற்றுக்கும் எங்கள் குழாய்க்கும் நடுவில்
எத்தனை சாக்கடையைத் தாண்டி வருகிறதோ.

ஒரு வயது முடியும்வரை ஜூஸ் கூடாது,
பழத்தை மசித்துக் கொடுங்கள்,
தேனும் நாக்கில் தொட்டு வைக்காதீர்கள்
என்று சொல்லிவிட்டார் நர்ஸ் எஸ்தர்கனி.
ஜூஸ் போடுகிறவன் வீட்டில்
ஒரு வருசம் ஜூஸ் இல்லை.
தெருவே சிரித்தது.
இப்போது ஒண்ணேகால் வயது.
கால் டம்ளர். சீனி கிடையாது.
ஐஸ் கிடையாது.

ஐஸைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்,
சொல்லிவிடுவேன்.
சாக்கில் வருகிறது.
தரையில் இழுத்து, கட்டையால் உடைக்கிறோம்.
ஒன்பது மணிக்கு உரித்து வைத்த பழம்
மூன்று மணிக்கும் அங்கேயே இருக்கிறது.
ஒரே வாளியில்
நூறு டம்ளர் முங்கி எழுகிறது.

போன செவ்வாய்க்கிழமை
பாபநாசம் பஸ் நின்ற இரண்டு நிமிசத்தில்
ஒருத்தி இறங்கி ஓடிவந்தாள்.
இடுப்பில் ஒரு பயல், உதடு காய்ந்து.
‘பிள்ளைக்குண்ணே, சீக்கிரம்.’
உரித்த பழத்துக்குப் போன என் கை
நின்றுவிட்டது.
புதுப் பழம் எடுத்தேன்.
கேன் தண்ணீரில் கழுவினேன்.
ரப்பரை நெம்பினேன்.
‘என்னவே, மிக்ஸிக்கு ஆப்பரேசனா பண்ணுதீரு?’
முதலாளி.
பின்னால் ஆறு பேர்.
‘பஸ் போயிரும்ணே’ என்றாள்.
போய்விட்டது.
அடுத்த பஸ் வரும்வரை
என்னை முறைத்துக்கொண்டே நின்றாள்.
பயல் குடித்துக்கொண்டே இருந்தான்.
கேன் தண்ணீருக்கு
சம்பளத்தில் இருபது ரூபாய் பிடித்தார்கள்.

வடிகட்டியைத் தட்டிப் பார்க்கிறேன்.
கண்ணுக்குத் தப்பிய கொட்டை ஒன்று.
எடுத்துப் போட்டுவிட்டு
சில்வர் டம்ளரை நீட்டுகிறேன்.
சப்ரின் இரண்டு மடக்குக் குடிக்கிறாள்.
தட்டிவிடுகிறாள்.
தொலியைக் காட்டி அழுகிறாள்.

மைமூன் என்னைப் பார்க்கிறாள்.
கொடுக்கிறேன். கழுவினதுதானே.
நக்கி, கசந்து, முகத்தைச் சுளித்து
மறுபடியும் நக்குகிறாள்.

எடுத்து வைத்தால் புளித்துப்போகும்.
மீதியை நான் குடிக்கிறேன்,
நின்றபடியே,
செருப்பைத் தேடிக்கொண்டு.