இரண்டு முதல் பன்னிரண்டு வரை

கபால நரம்புகள் பன்னிரண்டு.
வரிசை மறக்காதிருக்க
சீனியர்கள் காதோடு சொல்லும் ஒரு கெட்ட வரி உண்டு.
அதிலும் முதல் நரம்புக்குக் கிடைத்தது
வெறும் ஓர் 'ஓ'.

வார்டில் யாரும் அதைச் சோதிப்பதில்லை.
டார்ச் இருக்கிறது, சுத்தியல் இருக்கிறது,
ட்யூனிங் ஃபோர்க்கூட இருக்கிறது.
காப்பித்தூள் யாரிடம் இருக்கிறது?
'இரண்டு முதல் பன்னிரண்டு வரை இயல்பு'
என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போவோம்.
போன மாதம் நானும் அப்படித்தான் எழுதினேன்,
மூன்றாம் படுக்கைக்கு:
முகைதீன் பிச்சை, வயது ஐம்பத்திரண்டு,
மத்ரா சூக்கில் அத்தர் கடை வேலை,
ஏணியிலிருந்து மல்லாந்து விழுந்தவர்,
பின்மண்டையில் ஐந்து தையல்.

இன்று தழும்பைக் காட்ட வந்தவர்
கதவைச் சாத்தச் சொன்னார்.
"தமிழ்ப் புள்ளதானே நீ.
ஒண்ணு சொல்றேன், ஃபைல்ல ஏத்திராதே.
லுபானும் ஊதும் எனக்கு இப்போ
வெறும் தண்ணிம்மா."

பின்னால் விழுந்தால்
மூளை முன்னால் சறுக்கும்.
மூக்கின் கூரையில் ஓர் எலும்பு,
இடியாப்ப அச்சு மாதிரித் துளைகள்.
துளைக்குத் துளை இறங்கும் நரம்பிழைகள்
அந்த ஒரு சறுக்கலில்
அச்சின் அடியை விரலால் வழித்தாற்போல் அறுந்துபோகும்.
புத்தகத்தில் இரண்டு வரி.
தேர்வில் ஒரு மார்க்.

நர்ஸ்கள் அறையிலிருந்து காப்பித்தூள் கொண்டுவந்தேன்.
கண்ணை மூடி, ஒரு நாசியைப் பொத்தி.
"தூள்னு தெரியுது. என்ன தூள்னு தெரியல."
கிராம்பு. இல்லை.
எலுமிச்சைத் தோல். உதட்டைப் பிதுக்கினார்.
கடைசியில் அம்மோனியா:
தலையை வெடுக்கென்று இழுத்தார், கண்ணில் நீர்.
அந்த எரிச்சல் ஐந்தாம் நரம்பின் கணக்கு.
நடிக்கிறவர்கள் அதையும் தெரியவில்லை என்பார்கள்.

நடிப்பெல்லாம் கடையில்தான்.
துளிக்கணக்கு விரலில் இருக்கிறதாம்.
ரோஜா ஆறு, சந்தனம் இரண்டு, ஊது அரை.
குப்பியைத் தன் மூக்கருகே கொண்டுபோய்
கண்ணை மட்டும் வந்தவர் முகத்தில் வைத்திருப்பாராம்.
புருவம் இறங்கினால் இன்னும் ஒரு துளி.
"முதலாளி பக்கத்துல நின்னா தும்முவேன்.
சளின்னு நெனைச்சுக்கட்டும்."
விசா மார்ச் வரை.

பார்வை, செவி, தொடுகை எல்லாம்
தலாமஸில் எமிக்ரேஷன் வரிசையில் நின்று
முத்திரை வாங்கித்தான் உள்ளே போகவேண்டும்.
வாசனைக்கு மட்டும் வரிசை கிடையாது,
நேரே உள்ளறைதான்,
பயமும் ஞாபகமும் படுத்திருக்கும் இடம்.
சொன்னேன். சிரித்தார்.
"விசா இல்லாம உள்ள போனா
இப்படித்தான் ஒருநாள் புடிச்சு அனுப்புவான்."

மருந்து இல்லை என்றேன்.
ஆனால் இந்த நரம்பணு திரும்பத் திரும்ப முளைக்கிற ஜாதி,
துளைகள் தழும்பேறி அடையாதிருந்தால்
வழி தேடிப் போகலாம், போகாமலும் இருக்கலாம்.
காலையில் நாலு வாசனை, ராத்திரி நாலு.
எதுவும் வராவிட்டாலும் முகர்ந்தபடி இருக்கவேண்டும்.
"அதுக்குத்தானேம்மா சம்பளமே வாங்குறேன்."

டாக்டர் ரய்யா உள்ளே வந்தார்.
ஃபைலைத் திறந்தபடி, நிமிராமல்,
"கபால நரம்புகள்?"
முதல் இடத்தில் என் பேனா
ஒரு புள்ளி வைத்துவிட்டு நின்றிருந்தது.

"இரண்டு முதல் பன்னிரண்டு வரை இயல்பு."

எல்லாரும் சொல்வதுதான். பொய்யும் இல்லை.
அவர் தலையாட்டினார்.
பிறகு மூச்சை இழுத்து,
"இங்கே யார் காப்பி குடித்தது?" என்றார்.

முகைதீன் பிச்சைதான் முதலில் மூக்கை உயர்த்தினார்.
"ஜைன்" என்றார் அரபியில்,
"நல்ல காப்பி",
கண் மட்டும் என் முகத்தில்.