உள்ளே விடும் துணி

தீபாவளிக்கு இன்னும் நான்கு நாள்.
ஆணிகளில் தொங்குகின்றன
நாற்பத்தொரு ரவிக்கைத் துண்டுகள்,
ஒவ்வொன்றிலும் குண்டூசியில் ஒரு பெயர்.
தொண்ணூறடிச் சாலையில் பையன்கள்
சரவெடிக்கு ஒத்திகை பார்க்கிறார்கள்.
ஒவ்வொரு வெடிக்கும்
ஊசி ஒரு தையல் தப்புகிறது.

கைபேசி அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்து
கத்தரிக்கோலை முட்டி நிற்கிறது.
மராத்தியில் ஒன்று, இந்தியில் மூன்று,
எங்கள் திருநெல்வேலித் தமிழில் ஏழு.
எல்லா மொழியிலும் ஒரே கேள்விதான்:
ஆச்சா?
ஆகிவிடும் என்றேன் எல்லாருக்கும்.
நான் சொன்ன 'ஆகிவிடும்'களை
ஒன்றோடொன்று ஒட்டுப்போட்டால்
தாராவியிலிருந்து மாஹிம் கடல்வரை விரிக்கலாம்.

ஹுக் வைக்கும் ஷபீனாவுக்குக் காய்ச்சல்.
வீட்டுக்காரருக்கு போனஸ் வந்தால்தான்
எண்ணெய்ச் சட்டி அடுப்பேறும்.
மகனுக்கு இன்னும் சட்டை எடுக்கவில்லை.
கல்யாணிலிருந்து நாத்தனார் குடும்பம் வருகிறது,
ஐந்து பேர்.
எங்கள் அறை நூற்றெண்பது சதுர அடி.
எண்ணிப் படுத்தால் சரியாக வரும்,
யாரும் புரளாதவரை.

நேற்று இரவு ஒன்றரை மணிக்கு
மிதியிலிருந்து காலை எடுத்தேன்.
மெஷின் நின்றது.
உள்ளே ஒன்று நிற்கவில்லை.

கை மரத்தது. கழுத்தெல்லாம் வேர்வை.
மூச்சு மேலே ஏறி
தொண்டைக்குழியில் முட்டித் திரும்பியது.
செத்துப்போனால், என்று நினைத்தேன்,
ஷிந்தே தாயியின் ரவிக்கை
ஒற்றைக் கையோடு நிற்குமே.
சத்தியமாக, அதற்குத்தான் அதிகம் பயந்தேன்.

ஏனென்று தெரியாது,
கழுத்தில் கிடந்த அளவு நாடாவை
என் மார்பைச் சுற்றிப் பிடித்தேன்.
பயந்தவர்கள் திருநீற்றைத் தேடுவார்கள்,
என் கை நாடாவைத் தேடும்.
முப்பத்து நான்கு.
இழு.
முப்பத்து நான்கேகால்.
அவ்வளவுதான் போகிறதா காற்று?
திரும்ப. மெதுவாக,
பட்டுத்துணி வெட்டும் வேகத்தில்.
முப்பத்து நான்கரை.
விடு. இழு.
எத்தனை முறை என்று எண்ணவில்லை.
பான் கடை ஷட்டர் இறங்கியது,
ஒரு நாய் குரைத்து முடித்தது,
முப்பத்தாறு.

இரண்டு அங்குலம்.
இந்த உடம்புக்குள் எனக்கென்று
இரண்டு அங்குலம் மடிந்து கிடந்தது
எனக்கே தெரியாது.

யாருக்குத் தைத்தாலும் பக்கத் தையலில்
ஓர் அங்குலம் உள்ளே விடுவேன்.
வரும் வருஷம் சதை போட்டால்
பிரித்துவிட்டுக்கொள்ளட்டும் என்று.
விடாமல் வெட்டுகிறவனைத்
திருடன் என்று திட்டுவேன்.
என் நாட்களில்
ஒரு நூலளவும் விட்டதில்லை நான்.
காலை ஆறு முதல் இரவு இரண்டு வரை
விளிம்பு ஒட்டி வெட்டி வெட்டி
யாருக்கு மிச்சம் பிடித்தேன்?

அளவுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில்
பதினெட்டு வருஷத்தில் முதல்முறையாக
என் பெயரை எழுதினேன்: பேச்சித்தாய்.
மார்பு 34. மூச்சோடு 36.
கொடுக்கும் தேதி என்ற இடத்தில்
ஒரு கோடு.

விடிந்ததும் பதினாலு துண்டுகளைப் பிரித்தெடுத்து
முடியாது என்று சொல்லக் கிளம்பினேன்.
முதல் வீட்டில் வாய் வரவில்லை,
தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு
துணியை வைத்துவிட்டு வந்தேன்.
மலர்க்கொடி தெரு கேட்கக் கத்தினாள்.
மூன்றாவது வீட்டுக்காரி
'நல்லதாப் போச்சு, பழசையே கட்டிக்கிறேன்,
எனக்கும் முடியலக்கா' என்றாள்.
வாசலில் நின்று இருவரும் சிரித்தோம்,
எதற்கென்று தெரியாமல்.

நாத்தனாருக்கு அனுப்பினேன்:
முறுக்கு நான் சுடவில்லை, வாங்கி வா.
பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது.
கோபமா, சம்மதமா?
தெரியாமலே இருக்கட்டும்.

இன்னும் இருபத்தேழு.
சாயங்காலம் மறுபடி வெடித்தார்கள்,
உள்ளே அதுவும் மறுபடி ஓட ஆரம்பித்தது.
நாடாவை எடுத்தேன்.
'யாருக்கு அளவு?' என்று எட்டிப் பார்க்கிறாள் ஷபீனா,
காய்ச்சல் கண்ணோடு, கையில் ஹுக் டப்பாவோடு.
போய்ப் படு என்றேன்.
ஹுக் இல்லாவிட்டால்
ஊக்குக் குத்திக்கொள்ளட்டும்.
விளக்கு எரியாதா என்ன.